பேசிய நடிகருக்கு வாய்ப்புப் போனால் சட்டம் எதுவரை வரும்?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். "நடிகர் ஒருவர் மேடையில் அரசியல் கருத்து சொல்கிறார். அடுத்த வாரமே விளம்பரம் கைவிட்டுப் போகிறது, படத்தை ஓட விடமாட்டோம் என்கிறார்கள். அப்படியானால் பேச்சுரிமை என்று எழுதி வைத்திருப்பது எதற்கு? அமெரிக்காவில் இப்படி நடக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பேசியதற்காக ஒருவரைத் தண்டிக்கலாமா என்பது ஒன்று. பேசிய பிறகும் அவருக்கு அந்த வேலை இருந்தே ஆக வேண்டுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சட்டத்தில் ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கான பதில் உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் நிஜத்தில் நடப்பதில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலும் அடங்காது. அந்த மூன்றாவது வகையைத்தான் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் 22 ஆண்டுகளாக வழக்கறிஞர். சினிமா, சின்னத்திரை ஒப்பந்தங்களும் அவற்றால் வரும் சிவில் வழக்குகளும்தான் என் வேலை. குற்ற வழக்குகளை நான் அதிகம் நடத்துவதில்லை. அதனால் எஃப்.ஐ.ஆர்., முன்ஜாமீன் பற்றிச் சொல்லும் இடங்களில் மேலோட்டமாகவே சொல்வேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பேச்சுரிமையைத் தருகிறது. எந்தெந்தக் காரணங்களுக்காக அரசு அதைக் கட்டுப்படுத்தலாம் என்று 19(2) வரிசையாகச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். "எங்கள் மனம் புண்பட்டது" என்பது அந்த வரிசையில் இல்லை. ஆகவே ஒரு நடிகரின் அரசியல் கருத்து எவ்வளவு கசப்பாக இருந்தாலும், அதற்காக மட்டும் அவரைச் சிறையில் போட அரசுக்கு அதிகாரம் கிடையாது. 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி என்ற கவிஞர் மீதான வழக்கை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. ஒரு பேச்சின் விளைவை எடைபோடும்போது உறுதியான நெஞ்சம் உள்ள மனிதரின் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும், எதைக் கேட்டாலும் நடுங்குகிறவரின் கண்ணோட்டத்தில் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதுவரை சந்தேகமில்லை.

சிக்கல் அடுத்த படியில். இந்த உரிமை அடிப்படையில் அரசை நோக்கியது. தயாரிப்பாளரோ சோப்பு கம்பெனியோ அரசு அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துணை நடிகர் என் அலுவலகத்துக்கு வந்தார். சீரியலில் நாயகியின் சித்தப்பா வேடம். தேர்தல் நேரத்தில் சொந்த ஊரில் ஒரு கட்சிக்காக மேடையேறிப் பேசியிருக்கிறார். எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த வீடியோவைப் பரப்பினார்கள். அடுத்த ஷெட்யூலுக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. கதையில் சித்தப்பா வெளிநாடு போய்விட்டார். அவர் 19-ஆம் பிரிவை அச்சடித்து எடுத்து வந்திருந்தார். நான் அக்ரிமெண்டைக் கேட்டேன். அவரிடம் நகல் இல்லை. சின்னத்திரையில் பத்துப் பேரில் எட்டுப் பேரிடம் இருக்காது; கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நோட்டீஸ் அனுப்பி நகலை வாங்கிப் பார்த்தால், "நிறுவனத்தின் நற்பெயரைப் பாதிக்கும் எந்த நடத்தைக்காகவும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிதான் அவர் வேலையைத் தீர்மானித்தது.

அந்த வரி இல்லாமலிருந்தாலும் அவரைத் திரும்ப நடிக்க வைத்திருக்க முடியாது. தனிப்பட்ட திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் கட்டாயப்படுத்தி நிறைவேற்றாது என்பது குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. "இவரையே வைத்துப் படம் எடு" என்று எந்த நீதிபதியும் உத்தரவிட மாட்டார். அதேபோல "நீ நடித்தே ஆக வேண்டும்" என்றும் உத்தரவிட மாட்டார், அதனால் இது கலைஞருக்கும் ஒரு பாதுகாப்புதான். கேட்க முடிந்தது இழப்பீடு மட்டும். செய்து முடித்த வேலைக்கான கூலியை எந்தக் கருத்தைக் காட்டியும் நிறுத்தி வைக்க முடியாது, அதில் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அவருக்கு 11 நாள் சம்பளமும் பேட்டாவும் வாங்கிக் கொடுத்தேன். வேடத்தை வாங்கித் தர முடியவில்லை.

இது அநியாயமாகத் தெரியலாம். எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாருங்கள். யாரை வைத்துக் கதை சொல்வது என்பது தயாரிப்பாளரின் பேச்சுரிமையும்தான். எந்த நடிகரின் படத்துக்கு 200 ரூபாய் கொடுப்பது என்பது என் இஷ்டம். ஆமிர் கான் 2015 நவம்பரில் நாட்டில் சகிப்பின்மை பெருகுவது பற்றிப் பேசினார். அவர் விளம்பரத் தூதராக இருந்த ஸ்னாப்டீல் செயலியை மக்கள் போனிலிருந்து நீக்கினார்கள், மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். 2016 தொடக்கத்தில் அந்த நிறுவனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இதில் மீறப்பட்ட சட்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதே சமயத்தில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'இன்கிரெடிபிள் இந்தியா' விளம்பரத்திலும் அவர் தொடரவில்லை. ஒப்பந்தம் விளம்பர நிறுவனத்தோடுதான் இருந்தது, அதன் காலம் முடிந்துவிட்டது என்று அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. சோப்பு கம்பெனி தன் பணத்தில் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கலாம். அரசு ஒருவரின் கருத்துக்காக ஒப்பந்தத்தை மறுத்ததாக நிரூபிக்க முடிந்தால், அங்கே அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவும், சமத்துவம் பற்றிய அதன் 14-ஆம் பிரிவும் உள்ளே வரும். நிரூபிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் யாரும் காரணத்தை எழுதி வைப்பதில்லை. வடிவேலு 2011 தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பிரசாரம் செய்தார், எதிரணி வென்றது, அதன்பின் சில ஆண்டுகள் அவரைத் திரையில் பார்ப்பதே அரிதாக இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது உறுதி. ஒன்றால் மற்றொன்று நடந்தது என்பதற்கு நீதிமன்றத்தில் காட்டும்படியான காகிதம் எதையும் நான் பார்த்ததில்லை.

சரி, இப்போது மூன்றாவது வகை. நான் ஒரு படத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னால் அது என் உரிமை. நீங்களும் பார்க்கக் கூடாது என்று தியேட்டர் வாசலில் கல்லோடு நின்றால் அது குற்றம். நம் நாட்டில் கலைஞர்களுக்கு நேரும் பெரிய இழப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டாவதால் வருபவை. ஆனால் பேசும்போது இரண்டுக்கும் "புறக்கணிப்பு" என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம்.

இதில் முன்னோடித் தீர்ப்பு ஒரு தமிழ்ப் படத்தால் வந்தது. 'ஒரே ஒரு கிராமத்திலே' இடஒதுக்கீட்டுக் கொள்கையை விமர்சித்த படம். தணிக்கைச் சான்று கிடைத்தது, சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்பது அரசுத் தரப்பு வாதம். 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது, கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது, பாதுகாப்புத் தருவது அதன் கடமை என்று தீர்ப்பு வந்தது. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. இடஒதுக்கீட்டால் படித்து வந்தவன் நான். ஆனாலும் இந்தத் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன், இன்றுவரை எல்லா வழக்கிலும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறேன்.

2019-ல் இது இன்னும் ஒரு படி போனது. 'பொபிஷ்யோதேர் பூத்' என்ற வங்காளப் படம், அரசியல் நையாண்டி. வெளியான மறுநாளே பெரும்பாலான தியேட்டர்களிலிருந்து காணாமல் போனது. தடை உத்தரவு என்று எதுவும் இல்லை, போலீசிடமிருந்து வாய்வழியும் கடிதவழியும் நெருக்கடி. உச்ச நீதிமன்றம் மேற்கு வங்க அரசை 20 லட்சம் ரூபாய் இழப்பீடும் 1 லட்சம் செலவுத்தொகையும் கொடுக்கச் சொன்னது. தடுக்காமல் இருந்தால் மட்டும் போதாது, பேசுவதற்கான சூழலைக் காப்பாற்றுவதும் அரசின் வேலை என்பது அதன் அடிப்படை.

இப்போது 2025-க்கு வாருங்கள். மே 24 அன்று சென்னையில் 'தக் லைஃப்' இசை வெளியீட்டு விழாவில், தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்ற பொருளில் கமல்ஹாசன் பேசினார். மொழியியல்படி அது சரியான கூற்று அல்ல; இரண்டும் ஒரே திராவிட மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதுதான் பொதுவான கருத்து. ஆனால் தவறான மொழியியல் குற்றம் அல்லவே. மன்னிப்புக் கேட்காவிட்டால் படம் வெளியாகாது என்று கர்நாடக திரைப்பட வர்த்தக சபை சொன்னது. படத்தைத் தயாரித்தவர்கள் பாதுகாப்புக் கேட்டு கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜூன் 3 அன்று நீதிபதி, மன்னிப்புக் கேட்டால் முடிந்துவிடுமே என்று கேட்டார். கமல் அந்தச் சபைக்கு அனுப்பிய கடிதத்தில் மன்னிப்பு என்ற சொல் இல்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். ஜூன் 5 அன்று படம் மற்ற இடங்களில் வெளியானது, கர்நாடகத்தில் ஆகவில்லை. ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம், கும்பல்கள் தெருவைக் கைப்பற்றிக்கொள்ள விட முடியாது, தணிக்கைச் சான்று பெற்ற படம் திரையிடப்பட வேண்டும், மன்னிப்புக் கேட்கச் சொல்வது உயர் நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று தெளிவாகச் சொன்னது. இரண்டு நாள் கழித்து, மாநில அரசு பாதுகாப்புத் தருவதாகக் கொடுத்த உறுதியைப் பதிவு செய்து வழக்கை முடித்தது.

சட்டப்படி முழு வெற்றி. ஆனால் தேதிகளைப் பாருங்கள். வெளியாகி இரண்டு வாரம் கழித்துக் கிடைத்த வெற்றி அது. ஒரு படத்தின் வசூல் முதல் மூன்று நாளில் தெரிந்துவிடும். விநியோகஸ்தர் வட்டிக்கு வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வியாழக்கிழமை மாலை தடை கேட்டு மனு போடுகிறவருக்கும் இது தெரியும். அவர் வழக்கில் ஜெயிக்க வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமையைத் தாண்ட விடாமல் செய்தால் போதும். 1989 தீர்ப்பு இவ்வளவு உறுதியாக இருந்தும் மிரட்டல் இன்னும் பலிப்பதற்கு என் அனுபவத்தில் இதுதான் முதல் காரணம்.

இதனால்தான் பலர் நீதிமன்றத்துக்கே போவதில்லை. 2008-ல் கர்நாடகத்தோடு வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டப் பிரச்சினையில் திரையுலகினர் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ரஜினிகாந்தும் சத்யராஜும் அங்கே காட்டமாகப் பேசினார்கள். சில மாதங்களில் 'குசேலன்' கர்நாடகத்தில் வெளியாக வேண்டியிருந்தபோது ரஜினி வருத்தம் தெரிவித்தார். சத்யராஜ் பேசியது ஒன்பது ஆண்டு கழித்து, 2017-ல் 'பாகுபலி 2' வெளியீட்டுக்குச் சற்று முன் தோண்டி எடுக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அவர் நடித்த பல படங்கள் அங்கே ஓடியிருக்கின்றன, 'பாகுபலி'யின் முதல் பாகம் உட்பட. அவர் வெளியிட்ட வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தன் ஒருவனால் ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பும் பணமும் வீணாகக் கூடாது என்று வருத்தம் தெரிவித்தார். அதே மூச்சில், தமிழர் பிரச்சினைகளுக்குத் தொடர்ந்து குரல் கொடுப்பேன், இதனால் நஷ்டம் வரும் என்று நினைக்கும் தயாரிப்பாளர்கள் என்னை ஒப்பந்தம் செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். வேலை போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டு, பேச்சை விடமாட்டேன் என்றார். இவ்வளவு துல்லியமாக ஒரு வழக்கறிஞர்கூட எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

இதில் ஒரு நடைமுறை விஷயம். வருத்தம் தெரிவிப்பதும் மன்னிப்புக் கேட்பதும் நம் பேச்சில் ஒன்றாகப் புழங்கினாலும், கடிதத்தில் எழுதும்போது ஒன்றல்ல. உங்கள் மனம் நோகும்படி ஆனதற்கு வருந்துகிறேன் என்றால் அது ஆறுதல். நான் செய்தது தவறு, மன்னிக்கவும் என்றால் அது ஒப்புதல், நிலுவையில் குற்றப் புகார் இருந்தால் எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டும். யாரோ டைப் செய்து நீட்டும் மன்னிப்புக் கடிதத்தில் பதற்றத்தில் கையெழுத்துப் போட்ட கலைஞர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, அதைப் படித்துப் பார்க்க ஒருவரைப் பிடியுங்கள்.

சங்கங்கள், சபைகள், கூட்டமைப்புகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். ஒருவரைத் தொழிலிலிருந்து ஒதுக்கி வைப்பதை நம் சினிமாவில் ரெட் கார்டு என்பார்கள். ஒரு தயாரிப்பாளர் ஒரு நடிகரை வேண்டாம் என்றால் அது வியாபாரம். எல்லாத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து, யாரும் அவரை எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தால் அது வேறு ரகம், அதற்குப் பேச்சுரிமையைவிடக் கூர்மையான ஆயுதம், வியாபாரத்தில் கூட்டுச் சேர்ந்து போட்டியை ஒடுக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டம் 2002-இன் 3-ஆம் பிரிவு. மலையாளத்தில் இயக்குநர் வினயனோடு வேலை செய்தவர்களை ஒதுக்கியதற்காக, நடிகர் சங்கமான அம்மாவுக்கும் தொழில்நுட்பக் கலைஞர் கூட்டமைப்பான ஃபெஃப்காவுக்கும் 2017-ல் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது, 2020-ல் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. அந்த ஒதுக்கலில் சிக்கியவர்களில் ஒருவர் திலகன், அப்படி ஒரு நடிகர். உத்தரவு வந்தபோது அவர் மறைந்து ஐந்து ஆண்டு ஆகப்போகிறது. அதே 2017-ல், வங்காள மொழியில் டப்பிங் செய்த மகாபாரதத் தொடரை ஒளிபரப்ப விடாமல் கலைஞர் கூட்டமைப்பு கொடுத்த நெருக்கடியும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த இரண்டு வழக்கும் அரசியல் பேச்சால் வந்தவை அல்ல. ஆனால் கூடிப் பேசி ஒருவரின் தொழிலை அடைப்பது எந்தக் காரணத்துக்காக என்பது அந்தச் சட்டத்துக்கு முக்கியமில்லை. 2023 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள்.

இன்னொரு வழி, அரசு தன் கையால் அடிக்காமல் பிறர் கையால் அடிப்பது. நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா மகாராஷ்டிர துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைப் பற்றி மேடையில் நகைச்சுவையாகப் பாடிய வீடியோ 2025 மார்ச்சில் வெளியானது. ஷிண்டே கட்சிக்காரர்கள் மும்பையில் அந்த நிகழ்ச்சி நடந்த ஹாபிடட் அரங்கை உடைத்தார்கள். மறுநாள் மாநகராட்சி ஊழியர்கள் வந்து, விதிமீறல் என்று சொல்லி அந்த இடத்தின் சில பகுதிகளை இடித்தார்கள். பேசியவர் கம்ரா, இடிபட்டது அரங்கம். அவர் விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பவர் என்பதால் நம் உயர் நீதிமன்றத்துக்கு வந்து இடைக்கால முன்ஜாமீன் வாங்கினார். அவருக்கு உடனே பாதுகாப்புக் கிடைத்தது, அடுத்த நகைச்சுவைக் கலைஞருக்கு இடம் கொடுக்க அரங்க உரிமையாளர் எத்தனை முறை யோசிப்பார் என்பதற்கு எந்த நீதிமன்றத்திலும் பரிகாரம் இல்லை.

உங்கள் அமெரிக்கக் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் பொருந்துகிறது. அங்கே பேச்சுரிமையைத் தரும் அரசமைப்பின் முதல் திருத்தமும் அரசைத்தான் கட்டுப்படுத்தும். 2003 மார்ச் 10 அன்று, இராக் போர் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, டிக்ஸி சிக்ஸ் என்ற இசைக்குழுவின் பாடகி நடாலி மெயின்ஸ் லண்டன் மேடையில், அதிபர் தங்கள் டெக்சாஸ் மாநிலத்துக்காரர் என்பதற்கு வெட்கப்படுவதாகச் சொன்னார். கியூமுலஸ் என்ற வானொலி நிறுவனம் தன் நிலையங்களில் அவர்கள் பாடல்களை நிறுத்தியது. செனட் குழு விசாரித்ததே தவிர, வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அரசு அதிகாரி தனியார் நிறுவனத்தை மிரட்டி ஒருவரைத் தண்டிக்க வைத்தால் அது அரசே செய்ததற்குச் சமம் என்பது அங்கே உறுதியான சட்டம். 2024-ல் வுல்லோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் இதை ஒருமனதாகச் சொன்னார்கள். 2025 செப்டம்பரில் ஜிம்மி கிம்மலின் இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சியை ஏ.பி.சி. தொலைக்காட்சி நிறுத்தி ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தபோது விவாதம் முழுக்க இதைப் பற்றித்தான் நடந்தது. ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையத்தின் தலைவர் பகிரங்கமாக எச்சரித்த அதே நாளில் நிகழ்ச்சி நின்றது. கலிபோர்னியாவில் கூடுதலாக ஒன்று உண்டு: ஊழியரின் அரசியல் செயல்பாட்டுக்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று மாநிலத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. டிஸ்னிக்கு எதிராக நடிகை ஜீனா கரானோ வழக்குப் போட்டது அதன்படிதான், 2025-ல் சமரசத்தில் முடிந்தது. யாரை நடிக்க வைப்பது என்பது எங்கள் பேச்சுரிமை என்று டிஸ்னி வாதிட்டிருந்தது. சமரசமாகிவிட்டதால் அந்த வாதத்துக்கு இறுதி விடை கிடைக்கவில்லை. நம்மூரில் நடிகர்களுக்குப் பொருந்தும்படி அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை.

இங்கே இன்னும் தீராத கேள்வி ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் கவுஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, பேச்சுரிமை தரும் 19, வாழ்வுரிமை தரும் 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றது. நீதிபதி நாகரத்னா அதில் மாறுபட்டார். அதை வைத்து, பேச்சுக்காக ஒப்பந்தத்தை முறித்த தயாரிப்பாளர் மீது ரிட் போடலாமா என்று இளம் வழக்கறிஞர்கள் என்னைக் கேட்கிறார்கள். கட்சிக்காரர் செலவில் அந்தச் சோதனையைச் செய்ய நான் துணிய மாட்டேன். முடிந்தவரை ஒப்பந்தத்திலேயே பாதுகாப்பைத் தேடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை, குறிப்பாகச் சின்னக் கலைஞர்களுக்கு. பெரிய நடிகர் பேசினால் படம் தாமதமாகும். துணை நடிகர் பேசினால் வாடகை கொடுக்க முடியாது.

அந்தச் சித்தப்பா நடிகர் இப்போது எந்த அக்ரிமெண்ட் வந்தாலும் கையெழுத்துப் போடும் முன் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார். போன மாதம் வந்ததிலும் அதே நற்பெயர் வரி இருந்தது. "நீதிமன்றத்தால் குற்றம் நிரூபிக்கப்பட்டால்" என்று சேர்க்கச் சொல்லுங்கள், கூடவே நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வாருங்கள் என்றேன். இரண்டு நாள் இழுத்தார்கள், அப்புறம் சேர்த்துக் கொடுத்தார்கள்.